சின்னப் புகையிரதமும் பெரிய மனிதரும்

விருந்து வீட்டிலே எப்படி நடந்துகொள்ள வேண்டும், கோயில் வீதியிலே எப்படி நடந்துகொள்ள வேண்டும், இழவு வீட்டிலே எதைப் பேசலாம், எதைப் பேசலாகாது என்பவற்றையெல்லாம் நம் முன்னோர் நமக்குச் சொல்லி வைத்திருக்கிறார்கள். ஆனால், உள்ளங்கைக்குள் அடங்கும் புகையிரதங்கள் ஓடுகின்ற கண்காட்சி மண்டபத்திலே எப்படி நடந்துகொள்ளலாகாது என்பதை மட்டும் எவரும் சொல்லி வைக்கவில்லை. அந்தக் குறையை இன்று ஓரளவு போக்கலாம் என எண்ணுகிறேன். இதைப் பற்றிப் பேச ஒரு பாடசாலை அதிபருக்கு என்ன தகுதி உண்டு என்று நீங்கள் கேட்கக்கூடும். அந்தத் தகுதி எனக்கு என் மூக்குக்கண்ணாடிக் கூட்டினால் வந்தது. அக்கதையை உரிய இடத்திலே சொல்லுகிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன், மார்கழி விடுமுறையில், இங்கிலாந்திலே வாழும் என் மகளின் வீட்டுக்குப் போயிருந்தேன். வெளியே குளிர், உள்ளே தொலைக்காட்சி. இரண்டும் எனக்கு ஒத்துவரவில்லை. நான் சன்னலோரத்தில் இருந்து தெருவைப் பார்த்துக்கொண்டிருப்பதைக் கண்ட அயல்வீட்டுப் பெரியவர் ஒருவர், ஒரு சனிக்கிழமை காலை வந்து கதவைத் தட்டினார். தபாற் பகுதியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். "ஐயா, பக்கத்து ஊர் மண்டபத்திலே மாதிரிப் புகையிரதக் கண்காட்சி நடக்கிறது, வருகிறீர்களா?" என்று கேட்டார். பிள்ளைகளின் விளையாட்டுப் பொருட்களைப் பார்க்க அழைக்கிறார் என்று எண்ணிக்கொண்டு, மரியாதைக்காகப் புறப்பட்டேன்.

மண்டபத்துக்குள் நுழைந்த பின்னரே என் எண்ணம் எவ்வளவு பிழையானது என்று தெரிந்தது. அங்கே பிள்ளைகளிலும் பார்க்கத் தலை நரைத்தவர்களே அதிகம். மார்பளவு உயரமான மேசைகளின் மீது முழு ஊர்கள் விரிந்து கிடந்தன. மலை, ஆறு, பாலம், தேவாலயம், பால்காரனின் வண்டி, துணி காயும் கொடி, அவற்றினூடே வளைந்து செல்லும் தண்டவாளம். தண்டவாளத்தில் ஓடும் மின்சாரம் பன்னிரண்டு வோல்ற் அளவினதே. ஆனால் அதைச் சுற்றி நிற்பவர்களின் உள்ளத்திலே ஓடும் மின்சாரத்தை அளக்க ஒரு கருவியும் இல்லை.

இந்தப் பொழுதுபோக்கின் வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். துளையிட்ட உலோகத் துண்டுகளைத் திருகாணியால் பூட்டிப் பலவகைப் பொறிகளைச் செய்யும் மெக்கானோ என்னும் விளையாட்டுப் பெட்டியை நம்மிற் பலர் அறிவோம். அதற்கு 1901ஆம் ஆண்டில் உரிமம் பெற்றவர் லிவர்பூல் நகரத்தவரான பிராங்க் ஹோர்ன்பி. அவருடைய தொழிற்சாலையே 1920ஆம் ஆண்டில் சாவி கொடுத்தால் ஓடும் புகையிரதங்களை விற்கத் தொடங்கியது. 1938ஆம் ஆண்டில் அவற்றிலும் சிறியனவற்றைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. மேசை மேல் வைத்து ஓட்டக்கூடிய அந்தச் சிறிய அளவே பிரித்தானிய வீடுகளிலே நிலைபெற்றுவிட்டது. பெரியவர்கள் இதைத் தமக்குரிய கலையாகக் கொண்டதோ அதற்கும் முந்தியது. இலண்டனிலே மாதிரிப் புகையிரதக் கழகம் ஒன்று 1910ஆம் ஆண்டிலேயே தோன்றிவிட்டது. பேர்மிங்காம் நகரின் பெருங் கண்காட்சி நிலையத்திலே வோர்லி என்னும் கழகத்தார் நெடுங்காலம் நடத்தி, 2023ஆம் ஆண்டுடன் நிறுத்திக்கொண்ட தேசியக் கண்காட்சிக்கு, ஆயிரக்கணக்கில் மக்கள் திரண்டு வந்தார்கள்.

அளவையும் சொல்ல வேண்டும். அந்நாட்டிலே பெருவழக்கான அளவில், உண்மைப் பொருளின் ஓர் அடி, மாதிரியிலே நான்கு மில்லிமீற்றர் ஆகும். ஆறடி உயரமான நிலைய அதிபர் இருபத்து நான்கு மில்லிமீற்றர் உயரத்தோடு மேடையிலே நிற்பார். நம் கட்டைவிரலின் முதற் கணுவுக்கும் அவர் எட்டமாட்டார். இனி, நான்கு மில்லிமீற்றர் கணக்கின்படி பார்த்தால் இரு தண்டவாளங்களுக்கும் இடையே 18.83 மில்லிமீற்றர் அகலம் இருத்தல் வேண்டும். ஆனால் கடையில் விற்கும் தண்டவாளத்தின் அகலம் 16.5 மில்லிமீற்றரே. ஆக, குறைவு இரண்டு மில்லிமீற்றரும் சொச்சமும். இந்த இரண்டு மில்லிமீற்றரைப் பொறுத்துக்கொள்ளலாம் என்போர் ஒரு கட்சி, பொறுக்கவே முடியாது என்று தண்டவாளத்தைத் தம் கையாலேயே செய்துகொள்வோர் மறு கட்சி, இடையிலே 18.2 என்று சமாதானம் பேசுவோர் மூன்றாம் கட்சி. நம்மிடையே வடகலை தென்கலை வழக்கைக் கேட்டுப் பழகிய எனக்கு இது புதுமையாகத் தோன்றவில்லை.

இப்பொழுது நம் பொருளுக்கு வருவோம். இத்தகைய கண்காட்சியிலே வெறுக்கத்தக்க பார்வையாளராக விளங்குவது எப்படி? என் நண்பர் எனக்குக் காட்டிய உதாரண புருடர்களை ஒவ்வொருவராக உங்கள் முன் நிறுத்துகிறேன்.

முதலாமவர் முதுகுப்பை அன்பர். இவர் தம் முதுகிலே ஒரு பெரிய பையை மாட்டிக்கொண்டு வருவார். அதிலே மழைச்சட்டை, சாப்பாட்டுப் பெட்டி, வாங்கிய பொருள், வாங்கப்போகும் பொருளுக்கு இடம் ஆகிய யாவும் உண்டு. தமக்கு முதுகு உண்டு என்பதை இவர் அறிவார்; அந்த முதுகு இப்பொழுது ஒன்றரை அடி நீண்டிருக்கிறது என்பதை மட்டும் அறியார். முன்னே நிற்கும் நண்பருக்கு ஒரு பாலத்தைச் சுட்டிக்காட்டத் திரும்புவார். பின்னே நின்ற சிறுவனின் தொப்பி பறக்கும். "மன்னிக்கவும்" என்று சொல்ல அவன் பக்கம் திரும்புவார். இம்முறை மேசையோரத்து ஆலமரம் போன்ற ஓக் மரம் வேரோடு சாயும். இவருடைய மன்னிப்பு இவருடைய குற்றத்திலும் ஆபத்தானது.

இரண்டாமவர் முழங்கை அன்பர். மேசைக்கும் மக்களுக்கும் இடையே ஒரு கயிறோ மரச்சட்டமோ கட்டியிருப்பார்கள். அது தமக்காகவே அமைத்த சாய்மானம் என்று கருதி, இரு முழங்கைகளையும் ஊன்றி, அரைமணி நேரம் அங்கேயே குடியிருப்பார். ஒரு கையிலே தேநீர், மறு கையிலே பணிஸ். பணிஸின் துகள் ஒன்று தண்டவாளத்தில் விழுகிறது. நமக்கு அது துகள். நான்கு மில்லிமீற்றர் உலகத்திலே அது மலைச்சரிவிலிருந்து உருண்டு வந்த பாறை. கடுகதி வண்டி அதிலே மோதி நிற்கும்போது, "ஏன் நின்றுவிட்டது?" என்று முதலிற் கேட்பவரும் அவரே.

மூன்றாமவர் சுட்டுவிரல் அன்பர். கண் பார்த்ததை விரல் உறுதிப்படுத்தினால் அல்லாமல் இவருக்கு நம்பிக்கை பிறவாது. பசையையும் மெருகெண்ணெயையும் படலம் படலமாக ஊற்றி, ஒவ்வொரு படலமும் காயும்வரை காத்திருந்து, ஒருவர் ஓர் ஆற்றை உண்டாக்கியிருப்பார். இவர் வந்து, "இது உண்மைத் தண்ணீரா?" என்று கேட்டுக்கொண்டே விரலை வைப்பார். விடை கிடைத்துவிடும், விரலடையாளம் அந்த ஆற்றிலே நிலைத்துவிடும்.

நான்காமவர் நிறைந்த கல்விமான். இவர் எதையும் தொடமாட்டார், பையும் கொண்டுவரமாட்டார், ஆயினும் மற்ற மூவரிலும் பார்க்க இவருக்கே அஞ்சுகிறார்கள். உலோகத் தகடுகளைப் பிணைக்கும் தறையாணிகளின் எண்ணிக்கை சரியா என்று பார்ப்பவராகையால், இத்தகையோருக்குத் தறையாணி எண்ணுவோர் என்றே அங்கு பட்டப்பெயர் உண்டு. "நண்பரே, உங்கள் என்ஜினுக்கு இந்தப் பச்சை நிறம் பூசிய காலத்திலே இந்த வகைப் பெட்டியை அதனோடு கோத்ததில்லையே!" என்று தொடங்குவார். செய்தவர் புன்முறுவலோடு, "அப்படியா?" என்பார். "அப்படித்தான். அதுவுமன்றி உங்கள் கைகாட்டி..." என்று இவர் தொடர்வார். குற்றம் உண்மையாகவே இருக்கலாம். ஆனால் பதினைந்து ஆண்டு உழைப்பை ஒருவர் திறந்து காட்டும்போது, நாம் முதலிலே சொல்லும் சொல் அவருடைய பிழையாக இருக்க வேண்டுமா? பரீட்சை விடைத்தாள் திருத்தியே வயதாகிப்போன என் போன்றவர்களுக்கு இவரைப் பார்க்கச் சற்றுக் கூச்சமாக இருந்தது.

ஐந்தாமவர் சுயசரிதை அன்பர். பார்க்க வந்தவர்தான், ஆனால் பார்ப்பதில்லை. தம் வீட்டு மாடியிலே தாம் தொடங்கி, இன்னும் முடியாத அமைப்பைப் பற்றி, வண்டி ஓட்டுபவரிடம் விரிவாகச் சொல்லுவார். ஓட்டுபவர் மரியாதைக்காகத் தலையசைக்கும் நேரத்தில், திருப்பவேண்டிய பாதையைத் திருப்ப மறந்துவிடுவார். இரு வண்டிகள் நேருக்கு நேர் சந்திக்கும். சுயசரிதை அன்பர் அப்பொழுதும் தம் கதையின் இரண்டாம் அத்தியாயத்திலேயே நிற்பார்.

இவர்களோடு, முக்காலியை விரித்துப் புகைப்படப் பெட்டியை நிறுத்தி வழியை அடைப்பவர். கடைத் தட்டிலுள்ள பெட்டிகளையெல்லாம் திறப்பித்துவிட்டு, "இணையத்திலே இதைவிட மலிவு" என்று சொல்லிப் போகிறவர். மகனுக்குக் காட்டவென்று வந்து, மகனைப் பின்னே தள்ளிவிட்டுத் தாம் முன்னே நின்று பார்க்கும் தகப்பனார் ஆகியோரையும் சேர்த்துக்கொள்ளலாம். இறுதியாகச் சொன்னவர் மீது எனக்குக் கோபம் வரவில்லை. அவர் முகத்திலே அப்பொழுது எட்டு வயதுதான் தெரிந்தது.

நேயர்களே, விருந்தினர் குற்றங்களை மட்டும் அடுக்கிவிட்டு விருந்தளிப்போரை விட்டுவிடுவது நியாயமன்று. காட்சி நடத்துவோரிலும் வல்லவர்கள் உண்டு. மக்களுக்கு முதுகைக் காட்டி நின்று, தமக்குள்ளே பேசிச் சிரித்து, தேநீர் அருந்துவார்கள். வண்டி ஒன்றும் ஓடாது. காசு கொடுத்து உள்ளே வந்த தாயும் பிள்ளையும் ஐந்து நிமிடம் காத்து நின்று, வெறுந் தண்டவாளத்தைப் பார்த்துவிட்டுப் போவார்கள். கேட்டால், "அந்தக் கிளைப்பாதையிலே அக்காலத்தில் நாளுக்கு நான்கு வண்டிகளே ஓடின, நாங்கள் உண்மைக்கு மாறாக நடப்பதில்லை" என்று விடை வரும். உண்மையின் பெயராலே சோம்பல் இத்துணை அழகாக வாழ்வதை நான் வேறெங்கும் கண்டதில்லை.

வானத்திலிருந்து இறங்கும் கை இன்னொரு விந்தை. வண்டி எங்காவது சிக்கிக்கொண்டால், மேகத்தை விலக்கிக்கொண்டு ஒரு பெருங் கை தோன்றி, என்ஜினைத் தள்ளிவிட்டு மறையும். நீராவி என்ஜின்களை முன்சக்கரம், இயக்கு சக்கரம், பின்சக்கரம் என்ற வரிசையிலே எண்ணிப் பெயரிடுவது புகையிரத உலகத்து வழக்கம். முன்னும் பின்னும் வேறு சக்கரமின்றி ஆறு இயக்கு சக்கரம் மட்டும் உடையதைப் பூச்சியம்–ஆறு–பூச்சியம் என்பார்கள். அம்முறைப்படியே, ஐந்து விரல்களையுடைய இந்தக் கைக்கும் பூச்சியம்–ஐந்து–பூச்சியம் என்று நகைச்சுவையாகப் பெயர் வைத்திருக்கிறார்கள். மண்டபத்திலே மிகுதியாக உழைத்த என்ஜின் அதுவே என்று என் நண்பர் சொன்னார்.

இவற்றையெல்லாம் பார்த்துச் சிரித்துக்கொண்டே நடந்தேன். முப்பது ஆண்டுகளாக மாணவருக்கு, "பொருட்காட்சியிலே எதையும் தொடாதே, கயிற்றைத் தாண்டாதே, குனிந்து எட்டிப் பார்க்காதே" என்று போதித்து வந்தவன் அல்லவா? என்னிடம் முதுகுப்பை இல்லை. கையிலே பணிஸ் இல்லை. தறையாணியைப் பற்றி ஒன்றும் தெரியாது. ஆகவே குற்றமற்றவன் நானே என்ற இறுமாப்போடு ஒரு மேசையருகே போய் நின்றேன்.

அது ஒரு கிராமத்து நிலையம். ஒற்றைத் தண்டவாளம். மேடையிலே நிலைய அதிபர் நிற்கிறார். அவர் கையிலே ஏதோ ஒன்று இருக்கிறது. ஒற்றைப் பாதையிலே வண்டி செல்ல அனுமதி தரும் அடையாள வளையமாக இருக்குமோ என்று எனக்கு ஓர் ஐயம். சிறுவயதில் நம் நாட்டு நிலையங்களிலே, ஓடும் என்ஜினிலிருந்து அத்தகைய வளையத்தைக் கைமாற்றுவதை வாய் பிளந்து பார்த்து நின்றவன் நான். இருபத்து நான்கு மில்லிமீற்றர் மனிதனின் கையிலே அந்த வளையத்தைக் காணும் ஆசையில் குனிந்தேன், இன்னும் குனிந்தேன். கயிறு என் வயிற்றளவிலே பின்வாங்கியது. என் சட்டைப் பையிலிருந்த மூக்குக்கண்ணாடிக் கூடு நழுவி, தண்டவாளத்தின் குறுக்கே சரியாக விழுந்தது. அந்நேரம் பார்த்துச் சுரங்கவாயிலிலிருந்து ஒரு பயணிகள் வண்டி வெளிப்பட்டது.

மோதல் பெரிதன்று. ஆனால் என்ஜின் கவிழ்ந்தது. இரு பெட்டிகள் அதைத் தொடர்ந்தன. மூன்றாவது பெட்டி சாய்கரையிலே உருண்டு, போகும் வழியில் ஒரு கைகாட்டி மரத்தையும் முறித்துக்கொண்டு போய் ஆட்டு மந்தைக்குள் நின்றது. மண்டபமே திரும்பிப் பார்த்தது. முதுகுப்பை அன்பரும் திரும்பிப் பார்த்தார். அவர் திரும்பியதில் என்ன விழுந்ததோ நான் அறியேன்.

மேசைக்குப் பின்னே எழுபது வயது மதிக்கத்தக்க ஒருவர் நின்றார். அவர் கவிழ்ந்த வண்டியையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். பின்னர் மிகுந்த அமைதியோடு, "கவலைப்படாதீர்கள் ஐயா, பயணிகள் எவருக்கும் காயமில்லை" என்றார். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். எனக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. முறிந்த கைகாட்டியை அவர் இரு விரலால் எடுத்து, ஒரு தீப்பெட்டியிலே பஞ்சு வைத்து, அதன் மேல் வளர்த்தினார். "இதைச் செய்ய எவ்வளவு காலம் சென்றது?" என்று கேட்டேன். "இரண்டு மாலைப்பொழுது" என்றார். விலையைத் தந்துவிடுகிறேன் என்றேன். "இன்னும் இரண்டு மாலைப்பொழுது எனக்குக் கிடைத்திருக்கிறது, அதற்கு நான் அல்லவா விலை தரவேண்டும்!" என்று சொல்லிவிட்டு, வண்டியை மீண்டும் தண்டவாளத்தில் ஏற்றி, ஓட்டும் கருவியை என் கையிலே தந்தார். அந்த வண்டியை நிலையம் வரை நான் ஓட்டினேன். என் வாழ்க்கையில் அவ்வளவு மெதுவாக ஒரு புகையிரதமும் ஓடியிருக்காது. நிலைய அதிபரின் கையில் இருந்தது வளையம் அன்று; அது ஒரு தேநீர்க் கிண்ணம்.

பிற்பாடு தேநீர் அருந்தும்போது என் நண்பர் ஒரு செய்தி சொன்னார். 2019ஆம் ஆண்டு வைகாசி மாதத்திலே, மார்க்கெட் டீப்பிங் என்னும் ஊரின் கழகத்தார், ஸ்டாம்போர்ட் நகரின் பாடசாலை மண்டபம் ஒன்றிலே வெள்ளிக்கிழமை மாலை தம் அமைப்புகளைப் பரப்பி வைத்துவிட்டு வீடு சென்றார்கள். மறுநாட் காலை கண்காட்சி. இரவிலே சில இளைஞர் உள்ளே புகுந்து எல்லாவற்றையும் அடித்து நொறுக்கிவிட்டார்கள். பல ஆண்டுகளின் மாலைப்பொழுதுகள் தரையிலே கிடந்தன. கழகத்தார் பொதுமக்களிடம் கேட்ட உதவி ஐந்நூறு பவுண். வந்து சேர்ந்ததோ ஒரு இலட்சம் பவுணுக்கு மேல். புகழ்பெற்ற பாடகரான ரொட் ஸ்ரூவட் மாத்திரம் பத்தாயிரம் பவுண் கொடுத்தார். அவரும் தம் வீட்டிலே இருபது ஆண்டுகளுக்கு மேலாக ஒரு பெருநகரத்தையும் அதன் புகையிரதங்களையும் சிறுவடிவிலே அமைத்து வந்தவர். அந்த வலியை உணர்ந்தவர்.

இச்செய்தியைக் கேட்டபோது, அது ஒரு பாடசாலை மண்டபத்திலே நடந்தது என்பது என் நெஞ்சிலே தைத்தது. அந்த இளைஞரின் செயலையும் என் மூக்குக்கண்ணாடிக் கூட்டையும் ஒரே தராசிலே வைக்க முடியாது. அது தீங்கு; இது கவனக்குறைவு. எனினும் கைகாட்டியைச் செய்தவருக்கு இரண்டினாலும் முறிவது ஒரே கைகாட்டிதான். யாரும் கட்டாயப்படுத்தாமலே, தாம் அரும்பாடுபட்டுச் செய்ததை ஒரு கூடத்திலே பரப்பி, ஒரு கயிற்றை மாத்திரம் காவல் வைத்து, முன்பின் அறியாத நம்மை உள்ளே அழைக்கிறார்கள். கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டியிருந்தால் ஒன்றும் முறியாது. ஆனால் அந்த ஊருக்குள்ளே நிற்பது போன்ற மகிழ்ச்சியும் நமக்குக் கிடைக்காது. அந்தக் கயிற்றுக்கு வலிமை நாம் கொடுப்பதே. நாம் அதை மதியாவிட்டால், அடுத்த ஆண்டு கயிறு நிற்குமிடத்திலே கண்ணாடி நிற்கும். அதற்கடுத்த ஆண்டு அந்த மேசை வீட்டைவிட்டு வெளியே வராது.

ஆகவே, நேயர்களே, இத்தகைய கண்காட்சிக்கு என்றேனும் நீங்கள் போக நேர்ந்தால், அல்லது நம் பாடசாலைப் பிள்ளைகள் கடதாசியாலும் தீக்குச்சியாலும் செய்து வைக்கும் பொருட்காட்சிக்குத்தானும் போக நேர்ந்தால், சிலவற்றை நினைவிலே கொள்ளுங்கள். பையை முன்புறமாகப் பிடித்துக்கொள்ளுங்கள். கைகளைப் பின்னே கட்டிக்கொள்ளுங்கள். குள்ளமானவர்களை முன்னே விடுங்கள்; அவர்களின் தலைக்கு மேலாக உங்களுக்கு எல்லாம் தெரியும். பிழை கண்டால் அதை வீட்டுக்குக் கொண்டுபோங்கள். நயம் கண்டால் அங்கேயே சொல்லிவிடுங்கள். செய்தவரிடம் ஒரு கேள்வி கேளுங்கள். கேட்ட பின் விடையையும் கேளுங்கள். நீங்களே செய்து காட்டுபவரானால், உங்கள் முன்னே வந்து நிற்கும் சிறு பிள்ளைக்காக, கால அட்டவணை எப்படியிருந்தாலும், ஒரு வண்டியை ஓடவிடுங்கள்.

மூக்குக்கண்ணாடிக் கூட்டைச் சட்டைப் பையில் வைக்கும் வழக்கத்தை நான் அன்றோடு விட்டுவிட்டேன். அடுத்த ஆண்டு அயல்வீட்டுப் பெரியவர் என் மகள் மூலமாக ஒரு படம் அனுப்பியிருந்தார். அதே கிராமத்து நிலையம். அதே ஒற்றைத் தண்டவாளம். புதிய கைகாட்டி நிமிர்ந்து நிற்கிறது. மேடையோரத்திலே புதிதாக ஒரு மனிதர். இருபத்து நான்கு மில்லிமீற்றர் உயரம், கறுத்த முகம், நரைத்த தலை. தண்டவாளத்தை எட்டிப் பார்த்துக் குனிந்து நிற்கிறார். அவருடைய சட்டைப் பையைக் கவனமாக உற்றுப் பார்த்தேன். அதில் ஒன்றும் இல்லை.